வரும்போது மூன்றேகால் மணி நேரம்

வாண்டு முதன்முதலாகத் தனியாக விமானத்தில் வந்தபோது அவளுக்கு வயது ஏழு. கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் உறை தொங்கியது. அதற்குள் மூன்று தாள்கள். அனுப்புகிறவர் யார், வாங்கிக்கொள்கிறவர் யார், அவருடைய தொலைபேசி எண் என்ன, கையெழுத்து எங்கே. பார்சலில் ஒட்டுகிற சீட்டில்கூட இவ்வளவு விவரம் இருக்காது. விமானப் பணிப்பெண் ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிக் கதவைத் தாண்டி வந்தாள். என் தம்பி ஓடிப்போய்த் தூக்கப் பார்த்தான். அந்தப் பெண் கையை நீட்டித் தடுத்துவிட்டாள்.

"சார், முதல்ல அடையாள அட்டை. அப்புறம் கையெழுத்து. அப்புறம்தான் குழந்தை."

தம்பி இரண்டு இடத்தில் தப்பாகக் கையெழுத்துப் போட்டான். அந்தப் பெண் அட்டையில் இருந்த படத்தையும் அவன் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அது பத்து வருடத்துக்கு முந்தைய படம். தலைமுடி நிறைய இருந்த காலம். வாண்டுக்குப் பொறுமை போய்விட்டது.

"இவர்தான் எங்கப்பா. எனக்கு நல்லாத் தெரியும். குடுத்துடுங்க" என்றாள்.

பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவள் அத்தை நான். தம்பியைவிட ஆறு வயது மூத்தவள்.

தம்பி ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை பார்த்தான். முன்னறையில் டாக்டர் கண்ணைச் சோதித்துச் சீட்டு எழுதுவார். சீட்டு பின்னறைக்கு வரும். வட்ட லென்ஸை ஃபிரேமின் அளவுக்கு வெட்டி, ஓரத்தைத் தேய்த்து, பொருத்தி, துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து அனுப்புவது இவன் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது மணிக்கட்டு முடியெல்லாம் வெள்ளைத் தூள் படிந்திருக்கும். அவன் மனைவி மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். கெட்டிக்காரி. அதிகம் பேசமாட்டாள், பேசினால் ஒரு சொல் வீணாகாது.

வாண்டுக்கு மூன்று வயதானபோது, வேறொரு நகரத்துப் பெரிய மருத்துவமனை அவள் அம்மாவுக்கு மேல் பதவி கொடுத்துக் கூப்பிட்டது. இங்கிருந்து இரண்டாயிரத்து நாற்பது கிலோமீட்டர். ரயிலில் நடுவே ஒரு வண்டி மாறி முப்பத்தாறு மணி நேரம். மூன்று பேரும் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். தம்பிக்கு அங்கே உடனே வேலை அமையவில்லை. நான்காம் மாதம் எனக்கு முதுகெலும்பில் அறுவை சிகிச்சை என்று நாள் குறித்தார்கள். நான் தனிக்கட்டை, நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்குகிற வேலை. படுக்கையில் புரட்டிவிடக்கூட ஆள் கிடையாது. "ஆறு வாரத்துல திரும்பிடறேன்" என்று அங்கே சொல்லிவிட்டுத் தம்பி வந்தான்.

ஆறு வாரம் ஆறு மாதமானது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கியபோது பழைய முதலாளி அவனைக் கடைக்குக் கூப்பிட்டார். "அடுத்த மாசம் போயிடுவேன்" என்று சொல்லிக்கொண்டே கடைக்குப் போய் வந்துகொண்டிருந்தான். தொலைபேசியில் சண்டை கேட்டதில்லை. பேச்சு மட்டும் குட்டையாகிக்கொண்டே வந்தது. இரண்டு வருடம் கழித்து வழக்கறிஞரின் தாள்கள் வந்தன. அவனும் கையெழுத்துப் போட்டான். கயிறு தானாக இற்றுப்போனதா, யாராவது அறுத்தார்களா என்று எனக்குத் தெரியவில்லை. உறவுக்காரர்களுக்கு மட்டும் தெரிந்திருந்தது. "அக்காவுக்குப் பணிவிடை செய்யப் போய்க் குடும்பத்தையே தொலைச்சான்" என்றார்கள். என் காதுபடவே சொன்னார்கள். என் மனமும் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தது.

வாண்டு வருடத்துக்கு இரண்டு முறை வருவாள் என்று ஏற்பாடு. பெரிய விடுமுறைக்கு இருபது நாள், சின்ன விடுமுறைக்கு ஒரு வாரம். அந்த இருபத்தேழு நாளுக்காகத்தான் மிச்ச நாட்களையெல்லாம் தம்பி தள்ளினான்.

இரண்டாவது வருடமே அவன் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தான். இங்கே வர மூன்றேகால் மணி நேரம். திரும்பிப் போக இரண்டே முக்கால்தான். ஒரே வானம், ஒரே தூரம், அரை மணி வித்தியாசம். விமான நிலைய விசாரணைக் கவுண்டரில் போய்க் கேட்டுவிட்டு வந்தான்.

"மேல எப்பவும் ஒரே பக்கமாத்தான் காத்து அடிக்குமாம்க்கா. வரும்போது எதிர்காத்து, போகும்போது பின்னாடியிருந்து தள்ளுமாம்."

"அதுக்கு யாரு என்ன பண்ண முடியும்?"

"ஒண்ணும் பண்ண முடியாது. இருந்தாலும் பாரு, வர்றப்போ ஆடி அசைஞ்சு வருது. கூட்டிட்டுப் போறப்போ மட்டும் காலைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு ஓடுது."

விமானங்கள் எங்கே பறக்கின்றன என்று காட்டும் செயலி ஒன்றைக் கைபேசியில் போட்டுக்கொண்டான். வாண்டு வருகிற நாளில் விடிந்ததும் அதைத் திறந்து வைத்துக்கொள்வான். வரைபடத்தில் மஞ்சளாக ஒரு குட்டி விமானம் எறும்பு மாதிரி ஊரும். "மலையைத் தாண்டிட்டா", "ஆத்துக்கு மேல வந்துட்டா", "இன்னும் நானூறு கிலோமீட்டர்தான்" என்று பல் தேய்க்கும்போதும் எனக்குச் செய்தி வாசிப்பான். சாப்பிடச் சொன்னால் தட்டுக்குப் பக்கத்தில் கைபேசி இருக்கும். அவள் திரும்பிப் போகிற நாளில் அதைத் திறக்கவே மாட்டான். என்னைத்தான் பார்க்கச் சொல்வான். "இறங்கிட்டாளான்னு மட்டும் சொல்லு. நடுவுல எதுவும் சொல்லாதே."

ஒன்பது வயதில் வாண்டுக்குக் கண்ணாடி போட வேண்டி வந்தது. பள்ளிக்கூடத்தில் கரும்பலகை தெரியவில்லையாம். அவளுடைய அம்மா தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணி, இங்க டாக்டர்கிட்ட காட்டிட்டேன், சீட்டு வாங்கிட்டேன். கண்ணாடி மட்டும் போடல. விடுமுறைக்கு இன்னும் பன்னெண்டு நாள்தானே இருக்கு. அவர் கையால செய்யட்டும்."

அதைத் தம்பியிடம் சொன்னேன். அன்றைக்கே சட்டைப் பையில் அளவுகோலைப் போட்டுக்கொண்டான். வாண்டு வந்ததும் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு கருவிழிகளுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்தான். ஐம்பத்திரண்டு மில்லிமீட்டர். மூன்று முறை அளந்தான். ஒரு முறை போதும் என்று எனக்கே தெரியும். அவ்வளவு பக்கத்தில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க அவனுக்கு ஒரு சாக்கு. அடுத்த விடுமுறையில் ஐம்பத்து மூன்று. "ஆறு மாசத்துல ஒரு மில்லிமீட்டர் வளந்திருக்கா, நான் பாக்கலியே" என்றான். கேலியாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டு இன்னொரு முறை அளந்தான்.

அவளுக்குப் பதினொரு வயதில் அந்தச் சம்பவம் நடந்தது. விமானம் காலை ஒன்பது நாற்பதுக்கு வர வேண்டும். ஊரே தெரியாத பனிமூட்டம். நாங்கள் விமான நிலையத்தில் நின்றுகொண்டிருந்தோம். தம்பியின் கைபேசியில் அந்த மஞ்சள் விமானம் எங்கள் ஊருக்கு மேலே இரண்டு வட்டம் போட்டது. பிறகு தெற்கே திரும்பியது.

"அக்கா, போகுதுக்கா! தாண்டிப் போகுது!"

பலகையில் அறிவிப்பு மாறியது. முந்நூற்றுப் பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிற இன்னொரு ஊரில் இறக்கப் போகிறார்களாம். எப்போது மறுபடி கிளம்பும் என்று கேட்டால் கவுண்டரில் இருந்தவருக்குத் தெரியவில்லை. "பனி விலகணும் சார். மத்தியானமும் ஆகலாம், ராத்திரியும் ஆகலாம். குழந்தைகூட எங்க ஆள் இருக்காங்க, கவலைப்படாதீங்க." கவலைப்படாதீர்கள் என்று சொன்ன பிறகுதான் தம்பிக்கு முகம் வெளுத்தது. முதலாளியைக் கூப்பிட்டு அவருடைய காரைக் கேட்டான். அவரும் நல்ல மனிதர், சாவியோடு வந்தே விட்டார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"கொஞ்சம் பொறுடா. ஃபிளைட் திரும்பி வந்துட்டா?"

"வராட்டி? தெரியாத ஊர்ல எம்பொண்ணு தனியா உக்காந்திருப்பாளா?"

போய்விட்டான். பத்தேகால் மணி.

பதினொன்றரைக்குப் பனி திரை விலக்கினாற்போல் விலகியது. பன்னிரண்டரைக்கு அங்கே விமானம் கிளம்பியது. தம்பியைக் கூப்பிட்டேன். அடிக்கவில்லை. காலையிலிருந்து அந்த மஞ்சள் விமானத்தைப் பார்த்துப் பார்த்துக் கைபேசியின் சார்ஜ் தீர்ந்துபோயிருந்தது. அவன் சாலையில் தெற்கே போய்க்கொண்டிருக்க, அவன் தலைக்கு மேலே மகள் வடக்கே வந்துகொண்டிருந்தாள்.

ஒன்று இருபதுக்கு விமானம் இறங்கியது. வாண்டு பணிப்பெண்ணோடு வெளியே வந்தாள். கழுத்தில் அதே உறை. நான் கையை ஆட்டினேன். அதிகாரி தாளைப் பார்த்தார்.

"இதுல அப்பா பேரு இருக்கு. அப்பா எங்கம்மா?"

"குழந்தையைத் தேடிப் போயிருக்கார்" என்றேன்.

"குழந்தை இங்க இருக்கே?"

"அது அவருக்குத் தெரியாதே!"

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அத்தையாக இருந்தாலும் சரி, யாராக இருந்தாலும் சரி, தாளில் இருக்கிற ஆளிடம்தான் ஒப்படைக்க முடியும் என்றார். இல்லையென்றால் அம்மா எழுத்தில் அனுமதி அனுப்ப வேண்டும். அவளோ எக்ஸ்ரே அறைக்குள் இருந்தாள். அங்கே கைபேசி கிடையாது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வாண்டு கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். எனக்கு அதிக நேரம் உட்காரவும் முடியாது, நிற்கவும் முடியாது. முதுகு விண்ணென்று தெறித்தது. அவள் உள்ளேயிருந்து சைகையில் "உட்காருங்க" என்றாள். நான் "சாப்பிட்டியா" என்று சைகையில் கேட்டேன். பிஸ்கட் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினாள். ஒருமுறை கண்ணாடியில் வாயை வைத்து ஊதி, அந்த ஆவியில் விரலால் எழுதினாள். அப்பா எங்கே. எனக்குப் புரிவதற்காக வலமிருந்து இடமாக, எழுத்துகளைத் திருப்பிப் போட்டு எழுதியிருந்தாள்.

நாலு மணிக்கு அனுமதி வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். "வா, வீட்டுக்குப் போலாம்" என்றேன். அவள் பையை இறக்கி வைத்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா இங்கதான் வருவார். நான் வர்றப்போ எல்லாம் அவர் நிக்கிறார் இல்ல? இன்னிக்கு நான் நிக்கிறேன்."

அதற்கு முன்பே, மூன்று மணிக்கு, அந்த ஊர் விமான நிலையத்துக்குள் ஓடி, "போயிடுச்சு" என்ற பதிலைக் கேட்டு, யாரிடமோ சார்ஜர் வாங்கி எனக்குப் போன் செய்தான் தம்பி. நான் சொன்னதைக் கேட்டு முதலில் சிரித்தான், பிறகு அழுதான், பிறகு திரும்பினான். ஏழே முக்கால் மணிக்கு, கசங்கிய சட்டையோடு வாசலில் நுழைந்தான். வாண்டு எழுந்து, கழுத்தில் கிடந்த உறையைக் கழற்றி அவன் கழுத்தில் மாட்டினாள். "அடையாள அட்டை காட்டு" என்றாள். அவன் காட்டவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டான். பதினொரு வயதுப் பெண் தூக்குகிற கனத்திலா இருப்பாள்? தூக்கிக்கொண்டே கார் வரைக்கும் நடந்தான்.

அதற்கப்புறம் இரண்டு வருடம்தான். பதின்மூன்றாம் வயதில் உறை போய்விட்டது. தானே பையை இழுத்துக்கொண்டு, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு வந்தாள். கையெழுத்துப் போட வேண்டியதில்லை. தம்பி பேனாவைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு வந்திருந்தான், பழக்கதோஷம். அந்த வருடச் சின்ன விடுமுறைக்கு நீச்சல் போட்டி என்றாள். அடுத்த பெரிய விடுமுறைக்கு முதலில் இருபது நாள் பத்தானது. பிறகு தோழிகளோடு ஒரு நீச்சல் பயிற்சி முகாம் என்று அதுவும் இல்லாமல் போனது.

"கோவமாப்பா?"

"சேச்சே. நீ போய்ட்டு வாம்மா. நல்லா நீந்து."

அவள் வந்திருக்க வேண்டிய அந்த நாள் காலையில் நான் எழுந்து வந்தேன். தம்பி மேசையில் உட்கார்ந்திருந்தான். கைபேசியில் அந்த விமானம் ஊர்ந்துகொண்டிருந்தது. அவள் இல்லாத விமானம். மலையைத் தாண்டியது, ஆற்றைத் தாண்டியது. அது தரையிறங்கும் வரை பார்த்திருந்துவிட்டு எழுந்து கடைக்குப் போனான்.

அன்றைக்குச் சாயங்காலம் நான் மனதைக் கல்லாக்கிக்கொண்டு பேசினேன்.

"நீ அங்க போயிடுடா."

"எங்க?"

"தெரியாத மாதிரி கேக்காதே. அவ வளந்துட்டா. இனிமே அவ இங்க வரமாட்டா, நீதான் அங்க போகணும். நாலு வருஷம் போனா அவ எந்த ஊர்ல இருப்பாளோ. எனக்காக ஒரு தடவை திரும்பி வந்தே. அதுக்கே நான் இன்னும் உறுத்தலோட இருக்கேன். இன்னொரு தடவை எனக்காக இங்க உக்காந்திருக்காதே."

அவன் மணிக்கட்டுத் தூளைத் தட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"உனக்காக வரலக்கா."

"என்னடா சொல்றே?"

"அங்க என்னால இருக்க முடியல. நாலு மாசம் வேலை இல்ல. அவ காலைல போவா, இருட்டினப்புறம் வருவா. நான் ஜன்னல்ல உக்காந்திருப்பேன். யாராவது கேட்டா 'எக்ஸ்ரே மேடத்தோட வீட்டுக்காரர்'னு சொல்வாங்க. அவ ஒரு வார்த்தை தப்பாப் பேசினதில்ல. எனக்குத்தான் பொறுக்கல. ஓடி வர ஒரு காரணம் தேடிட்டு இருந்தேன். அப்போ உனக்கு ஆபரேஷன்னு போன் வந்துச்சு." மறுபடி மணிக்கட்டைத் தட்டினான். "சந்தோஷப்பட்டேன்க்கா. உனக்கு முதுகு போச்சேன்னு இல்ல. எனக்கு வழி கிடைச்சுச்சேன்னு."

பத்து வருடம் முதுகில் சுமந்த பாரம் அது. சட்டென்று இறங்கியபோது நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் பாதிதான் உண்மை. என்மேல் உயிரையே வைத்து ஓடி வந்தான் என்று உள்ளூர ஒரு பெருமையும் எனக்கு இருந்திருக்கிறது. அதுவும் சேர்ந்து இறங்கிவிட்டது. அரை நாள் அவனோடு பேசவில்லை. மறுநாள் காலை டீயைக் கையில் கொடுத்து, "சரி, இப்போ எதுக்கு ஓடி வரணும்னு பாக்காதே. எதுக்குப் போகணும்னு பாரு" என்றேன்.

எனக்கு அந்த ஊர்க் கண்ணாடிக் கடைகளின் எண்கள் நூலகக் கணினியிலேயே கிடைத்தன. பதினேழு கடைக்குப் போன் செய்தான். பதினெட்டாவது கடையில் கையாலேயே லென்ஸ் வெட்டித் தேய்க்கிற ஆள் வேண்டும் என்றார்கள். வாண்டின் அம்மாவிடம் நானே பேசினேன். "வரட்டும் அண்ணி. அவளுக்கு நல்லது. ஆனா எங்க ரெண்டு பேருக்கும் அது பழைய கதை. அதை அவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்றாள். சொன்னேன். "தெரியும்க்கா" என்றான்.

நாற்பத்து நாலு வயதில், இரண்டு பெட்டியோடு, தம்பி முதன்முதலாக விமானம் ஏறினான். முன்பு போனதும் வந்ததும் ரயிலில்தான். வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மருந்து மறந்துடாதே" என்று ஆறு முறை சொன்னான். நான் வீட்டுக்கு வந்து, அவன் என் கைபேசியில் போட்டுக் கொடுத்திருந்த அந்தச் செயலியைத் திறந்தேன். பிறகு மூடினேன். பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு கடினம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இப்போது மூன்று வருடமாகிறது. வாண்டின் வீட்டிலிருந்து பேருந்தில் இருபது நிமிடத் தொலைவில், ஒற்றை அறையில் இருக்கிறான். புதன்கிழமைகளில் அவள் நீச்சல் முடித்து, ஈரத் தலையோடு கடைக்கு வருவாளாம். பேசுவதை விடச் சண்டை போடுவதுதான் அதிகமாம். "நேத்து என்னை வாய்க்கு வந்தபடி திட்டிட்டா" என்று ஒருநாள் போனில் சொன்னான். பரிசு வாங்கியவன் குரல் மாதிரி இருந்தது. ஒரு முறை காய்ச்சலில் கிடந்தபோது சாவி வாங்கிக்கொண்டு வந்து, அறையைக் கூட்டி, கஞ்சி என்று ஏதோ வைத்தாளாம். வாயில் வைக்க முடியவில்லையாம். முழுக்கச் சாப்பிட்டானாம்.

வருடத்துக்கு ஒருமுறை பத்து நாள் என்னிடம் வருகிறான். வந்ததும் குழாய், விளக்கு, கதவுத் தாழ்ப்பாள் என்று எல்லாவற்றையும் சரிபார்ப்பான். நான் அவன் வருவதற்கு முன்பே ஒன்றிரண்டைச் சரிசெய்யாமல் விட்டுவைப்பேன்; இல்லாவிட்டால் அவனுக்குப் பொழுது போகாது. இந்த முறை எட்டாம் நாள் காலையில் வாண்டு கூப்பிட்டாள். கண்ணாடிக் கம்பி உடைந்துவிட்டதாம், ஒட்டுப் போட்டுக்கொண்டு சுற்றுகிறாளாம். பேசி முடித்துவிட்டுப் பெட்டியை எடுத்துக் கட்டில்மேல் வைத்தான்.

"அக்கா, ரெண்டு நாள் முன்னாடியே கிளம்பலாம்னு பாக்கறேன். வீட்டுக்குப் போகணும்."

சொல்லிவிட்டுச் சட்டைகளை மடிக்கத் தொடங்கினான். என்ன சொன்னோம் என்று அவனுக்குத் தெரியவில்லை. நான் கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவனுடைய துண்டை எடுத்து வந்து கொடுத்தேன்.

"சாப்பிட்டுட்டுக் கிளம்பு" என்றேன்.